அத்தை வீட்டுப் பொங்கலைச் சாப்பிட்டால் பாவமா?

எங்கள் சபையில் பாவத்துக்கு ஒரு பட்டியல் உண்டு. எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைக்குக்கூட அது தலைகீழ்ப் பாடம். சாராயம், சீட்டாட்டம், சினிமா (இது இப்போது கொஞ்சம் தளர்ந்துவிட்டது, எல்லார் கையிலும் போன் இருக்கிறதே), நெற்றியில் பொட்டு, அப்புறம் கோவில் பிரசாதம். யாங்கோனில் தமிழ்க் கிறிஸ்தவனாகப் பிறந்தவன் மற்றதையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடலாம். இந்தக் கடைசி ஒன்றுதான் வீடு தேடி வருகிறது, அதுவும் எவர்சில்வர் தூக்கில், மேலே முந்திரி போட்டு, நெய் வாசத்தோடு.

வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி இதைத்தான் கேட்டான். அத்தை வீட்டிலிருந்து பொங்கல் வருகிறது, சாப்பிடலாமா, சாப்பிட்டால் பாவமா? முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்: கர்த்தருடைய பாத்திரத்திலும் பேய்களுடைய பாத்திரத்திலும் பானம்பண்ணக்கூடாது. எல்லாரும் ஆமென் சொன்னார்கள், அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது. அந்த வசனம் 1 கொரிந்தியர் 10ல், அதாவது அப்போஸ்தலனாகிய பவுல் கிரேக்க நாட்டுக் கொரிந்து ஊர்ச் சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில் இருக்கிறது, சரிதான். ஆனால் அதே அதிகாரத்தில் இன்னும் நாலு வரி கீழே போனால் பவுல் வேறு ஒன்றும் சொல்கிறார், அதை யாரும் வாசிக்கவில்லை. அந்தத் தம்பி கேட்டதற்கு நேரான பதிலே அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால், வெளியூர்த் தமிழர்களுக்கு எங்கள் நிலைமையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பர்மாவில் கிறிஸ்தவர்கள் குறைவு என்று நினைக்காதீர்கள், 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 6.2 சதவீதம், இந்துக்கள் வெறும் 0.5 சதவீதம்தான். ஆனால் கிறிஸ்தவன் என்றால் பர்மியர் மனதில் வருகிற முகம் கச்சின், சின், கரேன் இனத்தவர் முகம். எங்கள் முகத்தைப் பார்த்தால் ஒன்று காளி கோவில், இல்லை பள்ளிவாசல். டீக்கடையில் பக்கத்தில் உட்காருகிறவர் பேச்சுவாக்கில் கேட்பார், நான் கிறிஸ்தவன் என்றதும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "கலாக்களிலும் உண்டா?" என்பார் (கலா என்றால் பர்மியர் வாயில் இந்திய வம்சத்து ஆள்). அடையாள அட்டையில் வேறு இனமும் மதமும் ஒரே வரியில் அச்சாகியிருக்கிறது, நீ யார் என்பதும் நீ யாரைக் கும்பிடுகிறாய் என்பதும் அரசாங்கத்துக்கு ஒரே கேள்வி. கவுன்டரில் இருப்பவர் அட்டையைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், மறுபடியும் அட்டையைப் பார்ப்பார்.

எங்கள் வீடும் கலவைதான். அப்பா இளவயதில் ஞானஸ்நானம் எடுத்தவர், அவருடைய தங்கை, அதாவது என் அத்தை, இன்றைக்கும் தன்லியின் பக்கம் பீலிக்கான் அங்காள பரமேஸ்வரி கோவிலுக்கு வருஷம் தவறாமல் போகிறவர். (அங்கே தமிழர்கள் மட்டும் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். புதுக் கார் வாங்கினால் பர்மியர்களும் ஓட்டிக்கொண்டு போய் பூஜை போடுகிறார்கள்.) அம்மா வழியில் கத்தோலிக்கர்கள், பிப்ரவரியில் ஞாவ்லேபின் லூர்து மாதா திருவிழாவுக்குப் போகிற கூட்டம், அந்தத் திருவிழாவுக்கு இந்துக்களும் வருவார்கள். அந்தப் பக்கத்து மாமா பிள்ளைகளிடம் போய் பொங்கல் பாவமா என்று கேட்டால் சிரிப்பார்கள். எங்கள் சபையில் சிரிக்க முடியாது.

சரி, கொரிந்துக்குப் போவோம். பவுல் இந்தக் கடிதத்தை ஏறக்குறைய கி.பி. 53க்கும் 55க்கும் நடுவில் எபேசுவில் இருந்துகொண்டு எழுதுகிறார். கொரிந்தியர்கள் முதலில் அவருக்குக் கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறார்கள், ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டு வருகிறார், எட்டாம் அதிகாரத்தில் விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்டவைகளைக் குறித்து என்று ஆரம்பிக்கிறார். அது ஏதோ நூலறிவுச் சண்டை என்று நினைக்க வேண்டாம், அந்த ஊரில் அது தினப்படிப் பிரச்சினை. கோவிலில் பலி கொடுத்த மிருகத்தில் ஒரு பங்கு தெய்வத்துக்கு, ஒரு பங்கு பூசாரிக்கு, மீதி விருந்துக்கும் சந்தைக்கும். கொரிந்தில் அஸ்கிளேபியோஸ் கோவிலை ஒட்டிச் சாப்பாட்டு அறைகள் இருந்ததைத் தோண்டியெடுத்திருக்கிறார்கள், மலைமேல் தெமேத்தேர் கோவிலிலும் அப்படியே. கல்யாணம், காரியம், சங்கத்துக் கூட்டம் என்று யாராவது அழைத்தால் அந்த அறையில்தான் பந்தி. அழைப்பை மறுத்தால் சொந்தக்காரனையும் கூட்டாளியையும் மறுத்ததாகிவிடும். இதுக்கு மேல் எங்கள் ஊர்க் கதை என்ன வேண்டும்?

சாப்பிடாமல் இருந்தவர்களும் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள். 112 வாக்கில் பித்தினியா மாகாணத்து ஆளுநர் பிளினி, பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் பரவியதால் பலி இறைச்சி வாங்க ஆள் கிடைப்பதே அரிதாகப் போயிருந்தது, விசாரணை ஆரம்பித்த பிறகு இப்போது மறுபடியும் விற்கிறது என்கிற மாதிரி ஒரு வரி வருகிறது. ஒரு ஆளுநர் கறிக்கடை வியாபாரத்தை வைத்து மதம் பரவியதை அளந்திருக்கிறார் பாருங்கள்.

பவுல் என்ன சொன்னார்? எட்டாம் அதிகாரத்தில், விக்கிரகம் ஒன்றுமில்லை, போஜனம் நம்மை தேவனுக்கு உகந்தவர்களாக்காது என்கிறார். பத்தாம் அதிகாரத்தில், கோவில் பந்தியிலேயே போய் உட்காராதே என்கிறார், பேய்களுடைய பாத்திரம் என்கிற வசனம் அந்த இடத்தில்தான் வருகிறது. உடனே, 25ஆம் வசனத்தில், கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு என்கிறார். 27ல், விசுவாசியில்லாத ஒருவன் விருந்துக்குக் கூப்பிட்டு, போக உனக்கு மனதிருந்தால், முன்னால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு என்கிறார். 28ல்தான் ஒரு நிபந்தனை: யாராவது இது படைத்தது என்று உன்னிடம் சொன்னால், சொன்னவனுக்காகச் சாப்பிடாதே. உன் மனச்சாட்சிக்காக இல்லை, அவனுடைய மனச்சாட்சிக்காக என்று அடுத்த வசனத்தில் தெளிவாகவே பிரித்துச் சொல்கிறார்.

ஆக கோவில் பந்தி வேறு, சந்தை வேறு, வீட்டுச் சாப்பாடு வேறு. மூன்றுக்கும் மூன்று பதில். எங்கள் பெரியவர் முதல் பதிலை எடுத்து மூன்றாவது கேள்விக்குக் கொடுத்துவிட்டார்.

இதில் அவரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, நாங்கள் பைபிள் வாசிக்கிற விதமே அப்படி. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வரும், கண்ணை மூடி ஒன்றை எடுப்போம், அந்த ஒரு வசனம் அந்த வருஷத்துக்கு. காலண்டரில் ஒரு வசனம், சுவரில் ஒரு வசனம், போனில் விடிகாலையில் ரோஜாப் பூ படத்தோடு ஒரு வசனம். அதில் ஆறுதல் இருக்கிறது, நானும் எடுக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பவுல் எண் போட்டு எழுதவில்லையே. அதிகாரங்களைப் பிரித்தது 13ஆம் நூற்றாண்டில், புதிய ஏற்பாட்டில் வசன எண்களைப் போட்டது 1551ல் ரோபேர் எஸ்தியேன் என்கிற அச்சுக்காரர். கொரிந்துவில் அந்தக் கடிதத்தை ஒருவர் நின்று வாசித்திருப்பார், மற்றவர்கள் உட்கார்ந்து முழுதாகக் கேட்டிருப்பார்கள். எட்டாம் அதிகாரத்திலிருந்து பத்து முடிய உரக்க வாசித்தால் கால்மணி நேரம்கூட ஆகாது. வாலிபர் கூட்டத்தில் வாசிக்கலாம். பெரியவர்கள் தமிழிலும், தமிழ் பேசத் தெரிந்து எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகள் பர்மிய பைபிளிலும், அதாவது அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1834ல் மொழிபெயர்த்து முடித்தாரே அதிலும், மாறிமாறி வாசித்தால் இன்னும் நல்லது. ஒரு கூட்டத்துக்கு ஒரு பாட்டைக் குறைத்தால் போதும்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. அப்போஸ்தலர் 15ல் ஆதிச் சபைத் தலைவர்கள் எருசலேமில் கூடி முடிவெடுத்து அனுப்பிய கடிதத்தில், விக்கிரகங்களுக்குப் படைத்தவைகளுக்கு விலகியிருங்கள் என்று தெளிவாக இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 29ஆம் வசனம். அதே வசனத்தில், அடுத்த வார்த்தையே இரத்தம். இரத்தத்துக்கும் விலகியிருக்க வேண்டும். இப்போது நம் சபை வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அடுப்பில் என்ன இருக்கிறது? சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, காய்ந்த மிளகாய் கிள்ளிப் போட்டு, தேங்காய்த் துருவலைத் தூவி, ஆட்டு இரத்தப் பொரியல். என் வீட்டிலும்தான். பொங்கலுக்கு அப்போஸ்தலர் 15ஐக் காட்டுகிறவர் யாரும் இரத்தப் பொரியலுக்கு அதைக் காட்டி நான் பார்த்ததில்லை. ஒரு வசனத்தில் பாதி கட்டளை, பாதி அந்தக் காலத்து வழக்கம் என்று யார் பிரித்தது, எதை வைத்துப் பிரித்தது? யூத விசுவாசிகளும் புறஜாதி விசுவாசிகளும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது என்று நிறைய வேத அறிஞர்கள் சொல்கிறார்கள், எனக்கும் அது சரியாகப் படுகிறது. அப்படியானால் படைத்ததற்கும் இரத்தத்துக்கும் ஒரே நியாயம்தான்.

பைபிளின் கடைசிப் புத்தகம், யோவான் எழுதிய வெளிப்படுத்தல், இன்னும் கடினம். பெர்கமு சபைக்கும் தியத்தீரா சபைக்கும் எழுதியதில், படைத்தவைகளைப் புசித்ததற்காக நேரடியாகவே கடிந்துகொள்ளுதல் இருக்கிறது. பவுல் ஒரு கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கிறார், யோவான் அதை மூடுகிறார். ஊர் வேறு, நெருக்கடி வேறு, அங்கே சிலர் விபசாரத்தையும் இதோடு சேர்த்துப் போதித்திருக்கிறார்கள், இதெல்லாம் சொல்லலாம். முழுக்கச் சமாதானமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பைபிளில் இந்த விஷயத்தில் ஒரே குரல் இல்லை, இல்லாததை இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் ஒருநாள் தாங்களே வாசித்துத் தெரிந்துகொள்வார்கள், அப்போது நம்மை நம்ப மாட்டார்கள்.

பழைய ஏற்பாட்டிலும் அதே கதைதான். எங்கள் ஆட்களுக்குப் பிடித்தவர் தானியேல், ராஜாவின் போஜனம் வேண்டாம், பருப்பும் தண்ணீரும் போதும் என்றவர். அவரைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாகிவிட்டது. சீரியப் படைத்தலைவன் நாகமானைக் குஷ்டம் நீங்கும் வரைதான் பிரசங்கிப்பார்கள், ஏழு தரம் யோர்தானில் முழுகினதோடு ஆமென். அதற்குப் பிறகு 2 இராஜாக்கள் 5ல் அவர் எலிசா தீர்க்கதரிசியிடம் இரண்டு கோவேறு கழுதைச் சுமை மண் கேட்கிறார். இனிமேல் கர்த்தருக்கே அல்லாமல் வேறே தேவர்களுக்குப் பலியிட மாட்டேன் என்கிறார். கூடவே இன்னொன்றும் கேட்கிறார்: என் ராஜா என் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலுக்குள் கும்பிடப் போவார், அப்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிப்பாரா? எலிசா ஒரு போதனையும் செய்யவில்லை. சமாதானத்தோடே போ என்கிறார், அவ்வளவுதான். குடும்பத்திலோ வேலையிடத்திலோ ஒரே ஒரு ஆளாக விசுவாசியாக இருக்கிற எத்தனையோ பேருக்கு இது வேண்டிய அதிகாரம். தானியேல் சொந்த ஊரைவிட்டுச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர், மறுத்துவிட்டுச் சாகத் துணிந்தவர். நாகமானுக்கு வீடு, வேலை, எஜமான் எல்லாம் உண்டு, திரும்பிப் போய் அவர்கள் நடுவில்தான் இருக்க வேண்டும். நம்மில் முக்கால்வாசிப் பேர் நாகமான்கள், பேசுவது மட்டும் தானியேல் மாதிரி.

இனி எனக்கு உண்மையில் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன்.

தபொட்வே மாதப் பௌர்ணமியில் எங்கள் தெருவில் தமனே கிண்டுவார்கள். ஆள் உட்காரலாம் போல ஒரு இரும்புச் சட்டி, கீழே விறகு, சட்டிக்கு இரண்டு பக்கமும் லோஞ்சியை மடித்துக் கட்டிய ஆட்கள் படகுத் துடுப்பு மாதிரியான மரக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, ஒட்டரிசி, எள், நிலக்கடலை, தேங்காய், இஞ்சி, எண்ணெய் எல்லாம் சேர்த்து வியர்வை சொட்டச் சொட்டக் கிண்டுவார்கள். முதல் பங்கு புத்தருக்கு. அப்புறம் வீடு வீடாக வரும். எங்கள் வீட்டுக்கும் வரும், பாஸ்டர் வீட்டுக்கும் வரும், அன்றைக்கு ஆமென் சொன்ன பெரியவர் வீட்டுக்கும் வரும். எல்லாரும் சாப்பிடுகிறோம். தண்ணீர்த் திருவிழாவில் வெல்லம் வைத்த உருண்டை வரும், அதையும் சாப்பிடுகிறோம். யாரும் கொரிந்தியரைத் திறப்பதில்லை. விசாரித்தால், அது அவர்கள் பண்பாடு, அக்கம்பக்கத்தோடு ஒத்துப் போக வேண்டாமா என்பார்கள்.

புத்தருக்குப் படைத்ததைச் சாப்பிட்டால் அக்கம்பக்கம், அம்மனுக்குப் படைத்ததைச் சாப்பிட்டால் பாவம். இதற்குப் பைபிளில் எந்த ஆதாரமும் கிடையாது. ஆதாரம் வேறு இடத்தில் இருக்கிறது. தமனே சாப்பிட்டதால் யாரும் நம்மைப் பௌத்தர் என்று நினைக்கப் போவதில்லை. பொங்கல் சாப்பிட்டால், அட இவனும் அந்தக் கோவில் ஆள்தானே என்று நினைத்துவிடுவார்கள். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவர், அந்தக் கவுன்டர் ஆள், ஏன், நமக்கே உள்ளுக்குள் ஒரு பயம். தாத்தா பாட்டி விட்டுவந்த வாசலுக்கு நாம் அவ்வளவு பக்கத்தில் குடியிருக்கிறோம். நாம் பயப்படுவது விக்கிரகத்துக்கு இல்லை, நம் சொந்தக்காரர்களுக்கு. என்னைக் கேட்டால், நம் சபையில் பாவம் என்று சொல்வதில் பாதி பாவமே இல்லை, வேலி. வேலி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அரைச் சதவீதம் ஆறு சதவீதம் என்று வாழ்கிற ஜனங்களுக்கு வேலி வேண்டும்தான். அதைக் கர்த்தர் போட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது.

அத்தை பொங்கல் அனுப்பும்போது இது படைத்தது, பார்த்துச் சாப்பிடு என்று சொல்லி அனுப்புவதில்லை. அண்ணன் பிள்ளைகள் சாப்பிடட்டும் என்றுதான் அனுப்புகிறார். நான் ஜெபித்துவிட்டுச் சாப்பிடுகிறேன். கிறிஸ்துமஸ் கேக்கை அவர் சாப்பிடுகிறாரே, அவருக்கும் ஒரு சாமி உண்டே.

ஆனால் ஒரு வீட்டில் நான் சாப்பிடுவதில்லை. எங்கள் சபையில் ஒரு அக்கா இருக்கிறார், வருஷா வருஷம் தீ மிதித்தவர், வீட்டை எதிர்த்து ஞானஸ்நானம் எடுத்தவர், அதற்காக நிறைய இழந்தவர். அவருக்கு அந்தப் பொங்கல் வெறும் அரிசியும் வெல்லமும் இல்லை. அந்த வாசனையே அவரை எங்கேயோ இழுத்துக்கொண்டு போகும். அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்து, விக்கிரகம் ஒன்றுமில்லை அக்கா என்று நியாயம் பேசிக்கொண்டே ஒரு கரண்டி எடுத்து வைத்தால், அதுதான் பாவம் என்று பவுல் சொல்கிறார். போஜனம் என் சகோதரனுக்கு இடறலானால் நான் என்றைக்கும் மாம்சம் சாப்பிட மாட்டேன் என்கிறார். ரோமர் 14ன் கடைசி வரியும் இதுதான், விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே. ஒரே தூக்கு, ஒரே பொங்கல், எனக்குப் பாவமில்லை, அந்த அக்காவுக்குப் பாவம், அவர் முன்னால் நான் சாப்பிட்டால் எனக்கும் பாவம். இதைப் பட்டியலில் எப்படி எழுதுவீர்கள்?

பட்டியலே வேண்டும் என்கிறவர்களுக்கு பைபிளில் பட்டியலும் உண்டு. எசேக்கியேல் 16ல் சோதோமின் அக்கிரமம் என்று கெர்வமும் ஆகாரத்திரட்சியும் (சாப்பாட்டுச் செழிப்பும்) சொல்லப்பட்டிருக்கிறது, எளியவன் கையைப் பலப்படுத்தாததும் சேர்த்து. நன்மை செய்யத் தெரிந்தும் செய்யாமல் போனால் அது பாவம் என்கிறார் யாக்கோபு. சங்கீதம் 15ல் கர்த்தருடைய கூடாரத்தில் யார் தங்குவான் என்று கேட்டு, தன் பணத்தை வட்டிக்குக் கொடாதவன் என்று பதில் வருகிறது. எசேக்கியேல் 18ல் வட்டி வாங்குகிறவனை விக்கிரகத்தை நோக்கிக் கண்களை ஏறெடுக்கிறவனோடு ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறது. ஒரே வரிசையில்! வட்டி என்றால் இந்த நாட்டில் தமிழர்களுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1930களில் நெல் விலை விழுந்தபோது கடன் திரும்பாமல், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறையக் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. அந்தக் கோபம் இன்னும் பர்மியர் பேச்சில் இருக்கிறது. அது செட்டியார்கள் செய்தது, நாம் கிறிஸ்தவர்கள் என்று கைகழுவிக்கொள்கிறோம். ஆனால் மார்க்கெட்டில் கூடை வைத்திருக்கிற பெண்களுக்கு மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்குக் கொடுக்கிறவர்கள் நம் பெஞ்சுகளிலும் உட்கார்ந்திருக்கிறார்கள், வாங்கினவர் பின்பெஞ்சில் உட்கார்ந்து அவர்களுக்கு ஸ்தோத்திரம் சொல்கிறார். அந்நியன் கையில் வட்டி வாங்கலாம் என்று உபாகமம் 23ல் இருக்கிறதே என்று கேட்பார்கள், தெரியும், அதற்கு முந்தின வசனத்தில் உன் சகோதரன் கையில் வாங்காதே என்றும் இருக்கிறது. பின்பெஞ்சில் இருப்பவர் யார் என்று அவர்களே சொல்லட்டும்.

அந்தத் தம்பியிடம் கொரிந்தியர் 8, 9, 10 மூன்றையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு வா, பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். வாலிபர் கூட்டத்துக்கு அடுத்த பாடமாக சங்கீதம் 15ஐ வைக்கலாமா என்று பாஸ்டரிடமும் கேட்டேன். ஈஸ்டர் முடியட்டும் என்றார். ஈஸ்டர் முடிந்ததும் மறுபடியும் கேட்பேன்.